என் தம்பியின் தோளும் நான் போட்ட புள்ளடிகளும்

போன வருடம் மண்டூர்க் கந்தசாமி கோயில் தீர்த்தம் முடிந்து மூன்றாம் கிழமை நடந்தது இது. இடம், மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கும் தனியார் சிகிச்சை நிலையம். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கு அவர்களோடு மட்டும்தான் கோபம் என்று நினைத்துவிடுவீர்கள். பாதிக்கு மேல் கோபம் என்னோடுதான். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து நாலு. தேற்றாத்தீவில் இருக்கிறேன். அரச அலுவலகம் ஒன்றில் இலிகிதர் வேலை. என் மேசைக்கு வரும் படிவங்களைப் பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவதுதான் பல வருடமாக என் தொழில். வாசிக்காமல் கையெழுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் ஏசாத நாள் இல்லை. வாய்க்காரி என்று ஊரில் எனக்குப் பெயர். அது பொய்யில்லை. வாய் இல்லாதவர்களுக்கு எந்தக் கந்தோரிலும் ஒரு காரியமும் நடக்காது என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் நான்.

என் தம்பி எனக்கு நேரெதிர். பத்து வயது இளையவன். வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரில் கலியாணம் முடித்து, அங்கேயே இருக்கிறான். வாவியில் வீச்சுவலை வீசி மீனும் இறாலும் பிடிப்பது தொழில். மச்சாள், அதாவது அவனுடைய மனைவி, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். போகும்போது அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா இல்லாமல் அவனை வளர்த்தவளும் நான்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அவனிடம் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நின்று நான்தான் சொல்வேன். அப்படியே பழகிவிட்டது.

சின்ன வயதில் வந்த ஒரு மூட்டுக் காய்ச்சல் அவனுடைய இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது. முப்பது வயது தாண்டியபோது கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அன்று தொடக்கம் அவன் வார்பரின் என்ற மாத்திரை குடிக்கிறான். அந்த உலோகத்தில் இரத்தம் கட்டிப்பட்டு வால்வை அடைத்துவிடாமல் காப்பது அந்த மாத்திரைதான். மாதா மாதம் அரச வைத்தியசாலை கிளினிக்கில் இரத்தம் சோதித்து, அவன் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கொப்பியை அவன் பொலித்தீன் உறையில் போட்டு அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருப்பான்.

தீர்த்தத்தன்று சனத்துக்குள் நின்று சாமி பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட, இவன் இடது கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றான். வலது கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. சாமி தீர்த்தமாடி முடியும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகு பிடித்தேன் பிடி. இரண்டு மாதமாக இப்படித்தானாம். வலையே வீசுவதில்லையாம். இன்னொருவருடைய தோணியில் போய், வலையில் மீன் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறானாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும்.

அன்று மாலையே பாமசியில் தோள் வலி என்று சொல்லி இரண்டு அட்டை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். யாருக்கு, அவர் வேறு என்ன மருந்து குடிக்கிறார் என்று பாமசிக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அரச வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோள்மூட்டுக்கு மேலே உள்ள தசைநாரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றார் வைத்தியர். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வார்பரின் குடிக்கிறவருக்கு மூட்டுக்குள் ஊசி போட யோசிக்க வேண்டும், முதலில் பயிற்சி செய்து பார்ப்போம் என்று அடுத்த மாதத்துக்குத் திகதி போட்டுத் தந்தார். நானோ பாமசி மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் ஏசுவார் என்று தெரியும். ஊரையே ஏசுகிறவளுக்கு ஏச்சு வாங்கப் பயம்.

அடுத்த மாதம்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக் குதிக்கால் வலி. ஒரு வருடமாக நொண்டிக்கொண்டு திரிந்தவர், நகரத்தில் ஷொக்வேவ் என்கிற அதிர்வலை அடித்து மூன்று மாதத்தில் நேராக நடந்தார். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்த இடத்தின் விளம்பரப் பலகையிலும் கத்தி இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை என்று தமிழில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊசிதானே கூடாது என்றார் வைத்தியர், இது தோலுக்கு மேலே பிடிக்கிற சாமான்தானே என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு மனிதரிடமும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பகுதிப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாரிடம் காட்டப் போகும்போது அரச கிளினிக் கொப்பியை நாங்கள் கொண்டு போகமாட்டோம். கொப்பியைக் கண்டால் தனியார் வைத்தியர், அங்கே காட்டுகிறவர் இங்கே ஏன் வந்தீர் என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். தனியார் ஏதாவது அந்தக் கொப்பியில் எழுதிவிட்டாலோ, அரச கிளினிக்கில் அடுத்த முறை எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்பார்களாம். அதனால் இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம். என் வீட்டுக்காரர், அக்கம் பக்கம், அலுவலகம், எல்லாரும் இப்படித்தான். நிலையத்துக்குப் போகிற அன்று காலையில் தம்பி தேற்றாத்தீவுக்கு வந்தபோது சேட்டுப் பையில் கொப்பி இருந்தது. நானே அதை எடுத்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நேரமாகிவிட்டது வெளிக்கிடு என்றேன்.

நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். முழுக்க ஆங்கிலம். பத்துப் பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எனக்கு அலுவலக ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் அந்தப் படிவம் வைத்தியர்கள் தங்களுக்குள் பேசுகிற ஆங்கிலம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான் வாசிக்கத் தொடங்க, அங்கே இருந்த பெண், “எல்லாத்துக்கும் இல்ல எண்டு போடுங்க மிஸ், சும்மா ஒரு முறைக்குத்தான்” என்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

போட்டேன். கர்ப்பமா, இல்லை என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. புற்றுநோயா, இல்லை. இதய நோயா என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. சத்திரசிகிச்சை செய்து வால்வே மாற்றியாயிற்று, இனி என்ன நோய் என்று அதற்கும் இல்லை. அதற்கு அடுத்த கேள்வியில் இரத்தத்தைப் பற்றி நீளமான ஒரு சொல் இருந்தது. அது எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் அரைப் பொய். பாதி விளங்கியது. விளங்கிய பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு புள்ளடி.

தம்பி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அக்கா, வால்வப் பத்தி ஏதும் கேட்டிருக்கா?” என்றான்.

“நீ பேசாம இரி, நான் பாக்கிறன்” என்றேன். அவன் கீழே கையெழுத்து வைத்தான்.

உள்ளே ஒரு கட்டில், சில்லு வைத்த பெட்டி மாதிரி ஒரு இயந்திரம், அதிலிருந்து வரும் குழாயின் முனையில் கைத்துப்பாக்கி போல ஒரு பிடி. தோளில் குளிர்ந்த களி ஒன்றைப் பூசி, அந்தப் பிடியின் முனையை அழுத்திப் பிடித்து இயந்திரத்தைப் போட்டார்கள். டக் டக் டக் என்று ஒரே சத்தம். பக்கத்து வீட்டில் சுவர் துளைப்பது போல இருந்தது. மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது வெறும் அடிதான். அடியின் அதிர்வு களியினூடாகத் தசைக்குள் போகிறது. திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் அடி என்றார் அங்கே நின்றவர்.

அடிக்க அடிக்கத் தம்பியின் முகம் சுருங்கியது. இடது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவர் நிறுத்திவிட்டு, வலி தாங்கலாமா, கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டார். தம்பியிடம்தான் கேட்டார். தம்பி வாயைத் திறந்தான்.

“தாங்குவார், வாவியில தொழில் செய்யிறவர், கூட்டுங்க” என்றேன் நான்.

கூட்டினார்கள்.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கத் தம்பி தொலைபேசியில் பேசினான். கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, நான் வாறன் என்றான். அவனுடைய கொஞ்சம் எனக்குத் தெரியும். நெஞ்சைப் பிளந்து வால்வு வைத்த அன்றும் கொஞ்சம் நோகுது என்றவன் அவன். அலுவலகம் கிடக்கட்டும் என்று எங்கள் பக்கக் கரையில் உள்ள குருமண்வெளித் துறைக்கு ஓடினேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து வருகிற, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு அப்போதுதான் வந்து கரையில் முட்டியது. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் தம்பி நின்றான். சேட்டின் ஒரு கை போட்டிருந்தது, மற்றக் கை போடவில்லை. தோளிலிருந்து முழங்கைவரை நாவற்பழ நிறம். கை இரண்டு மடங்கு தடித்திருந்தது. விரல்கள் விறைத்துப் போச்சு என்றான்.

ஓட்டோவில் வைத்தியசாலைக்குப் போகும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓட்டோக்காரர் மெதுவாகப் போகிறார் என்று அவரை ஏசினேன். பிரதான வீதியில் மாடு நின்றால் மாட்டை ஏசினேன். ஏசிக்கொண்டிருந்தால் பயம் தெரியாது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் வைத்தியர். கையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி கொப்பி எங்கே என்பது. வீட்டில் என்றேன். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் தொடங்கினேன். தோளில் சுண்ணாம்பு, எக்ஸ்ரே, அடுத்த மாதத்துத் திகதி என்று நான் அடுக்கிக்கொண்டு போக, அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க” என்றார்.

அவன் சொன்னான். வால்வு வைத்த வருடம், வார்பரின் எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தது, பாமசி மாத்திரையின் பெயர், அதை எத்தனை நாள் எத்தனை குடித்தது, நேற்று எத்தனை அடி, எந்த இடத்தில். ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக. அவனுக்கு இவ்வளவும் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு வைத்தியர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பாமசி வலி மாத்திரையை வார்பரினோடு குடிக்கவே கூடாது என்றார். இரத்தப் பரிசோதனை வந்தபோது, இருக்க வேண்டிய அளவைவிட இரத்தம் எக்கச்சக்கமாக நீர்த்திருந்தது. தோளுக்குள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சரி, வார்பரினை உடனே முறிக்க மருந்து கொடுங்கள் என்றேன், நான் ஏதோ வைத்தியம் படித்தவள் போல.

“கெதியா முறிச்சா வால்வு அடைபடலாம் அம்மா. விட்டா கைக்குள்ள இரத்தம் நிக்காது. ரெண்டுக்கும் நடுவாலதான் போகணும்” என்றார். அவர் குரலில் ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று நாள் அந்த நடுவாலதான் போனோம். காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். நாடியைப் பிடித்துப் பார்த்து விரல்களை அசைக்கச் சொன்னார்கள். வீக்கம் கூடினால் கையைக் கீறித் திறக்க வேண்டி வரலாம் என்றார்கள், இரத்தம் உறையாத மனிதனின் கையைக் கீறுவதென்றால் என்ன என்று எனக்கும் விளங்கியது. நெஞ்சில் காதை வைத்தால் அவனுடைய வால்வு மணிக்கூடு போலச் சத்தம் போடும். அந்த மூன்று நாளும் ஏதாவது சாட்டு வைத்துக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டேன்.

குவைத்திலிருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் “அவர் என்ன சொல்றார் மச்சாள்?” என்று கேட்டாள். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் கையைத் தாங்கிக் கட்ட இயன்மருத்துவர் ஒருவர் வந்தார். என் வயது இருக்கும். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஷொக்வேவ் எல்லாம் ஏமாற்று வேலை, இயந்திரத்தைத் தூக்கி ஆற்றில் போட வேண்டும் என்றேன். அவர் கட்டை இறுக்கி முடித்துவிட்டு, அப்படி இல்லை என்றார். பிறகு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். நாள்பட்ட தசைநார் வலியில் உடம்பு அந்த இடத்தைக் கைவிட்டுவிடுமாம். அங்கே இரத்த ஓட்டம் குறைவு, ஆறவும் ஆறாது, புதிதாக ஒன்றும் நடக்காது. இந்த அதிர்வலை உள்ளே போய்க் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காயங்களை உண்டாக்குகிறது. காயம் பட்டதும் உடம்பு விழித்துக்கொள்கிறது. புது இரத்தக் குழாய்கள் வருகின்றன, ஆற்றுகிற வேலை திரும்பத் தொடங்குகிறது, சுண்ணாம்பும் சிலருக்கு மெல்ல மெல்லக் கரைகிறது. அதனால்தான் ஒரே நாளில் சுகம் வருவதில்லை, கிழமைக் கணக்கு, மாதக் கணக்கு எடுக்கும். எல்லாருக்கும் சரிவருவதும் இல்லை.

“இது காயப்படுத்தி ஆத்துற வைத்தியம். இவர்ர இரத்தம் உறையாது. காயத்த ஆரு மூடுற?” என்றார்.

கத்தி இல்லை, ஊசி இல்லை என்று பலகையில் எழுதியவர்கள், காயம் உண்டு என்று ஏன் எழுதவில்லை. என் அலுவலகத்துக்காரரின் குதிக்காலைச் சுகப்படுத்திய அதே காயம்தான் என் தம்பியைக் கட்டிலில் போட்டது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். இந்த மனிதர் கட்டுக் கட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். வாங்கிப் பூட்டிய இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லை.

அன்று மத்தியானமே நேராக அந்த மேல்மாடிக்குப் போனேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் சத்தம் போட்டேன். இதய நோயாளி ஒருவரைப் பிடித்து இரண்டாயிரம் தரம் அடித்தீர்களே, ஒரு கேள்வி கேட்டீர்களா என்றேன். உரிமையாளர் வெளியே வந்தார். அவர் சத்தம் போடவில்லை. ஒரு கோப்பைத் திறந்து தம்பியின் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“நாங்க கேட்டிருக்கிறம். நீங்கதான் இல்ல எண்டு போட்டிருக்கிறீங்க” என்றார்.

என் நீலப் பேனை. என் புள்ளடி. நான் புள்ளடி போட்டால் ஒரு கால் மற்றதைவிட நீண்டு கட்டத்துக்கு வெளியே போகும், அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும். மேலிருந்து கீழே வரிசையாக எல்லாம் என்னுடையவை. இதயம் என்ற வரியில் ஒன்று, இரத்தம் என்ற வரியில் ஒன்று. கீழே தம்பியின் பெயர். வேறு யாராவது இப்படி ஒரு படிவத்தை என் மேசைக்குக் கொண்டு வந்திருந்தால், வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஏசித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டு இறங்கி வரவில்லை. இது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். பிறகு கேட்டேன். பலகையைத் தமிழில் எழுதத் தெரிந்த உங்களுக்குப் படிவத்தைத் தமிழில் எழுதத் தெரியாதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடச் சொன்னது யார். கட்டிலில் கிடத்திய மனிதரிடம், நீங்கள் என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று வாயால் ஒரு தரம் கேட்டால் உங்கள் வாய் தேய்ந்துவிடுமா. படிவம் இயந்திரத்தோடு வந்தது என்றார். இனிமேல் கேட்போம் என்றார். முறைப்பாடு எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் புள்ளடிகள் என்னுடையவை என்பதையும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

அங்கிருந்து வைத்தியசாலைக்குத் திரும்பி, தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து, நான் சண்டை பிடித்த கதையைச் சொன்னேன். எப்படிக் கேட்டேன், அவர் எப்படி முழுசினார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவன் இடது கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“அக்கா, அண்டைக்கு நான் மூணு தரம் சொல்ல வந்தன். கொப்பிய எடுக்கக்குள்ள சொல்ல வந்தன், படிவம் நிரப்பக்குள்ள சொல்ல வந்தன், கட்டில்ல கிடக்கக்குள்ளயும் சொல்ல வந்தன். தாங்குவார் எண்டு சொன்னீங்க. தாங்கினது ஆரு?”

நான் உனக்காகத்தானே என்று தொடங்கினேன்.

“எனக்காக இல்லக்கா. எனக்குப் பதிலா” என்றான்.

குரல் உயர்த்தித்தான் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நாற்பத்து நாலு வருடத்தில் அவன் என்னிடம் கோபப்பட்டு நான் கண்டதில்லை. கோபமே இல்லாத பிள்ளை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். கோபப்பட நான் இடம் விட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும், நன்றி கெட்டவன் என்று அந்த நேரம் அவன் மேலும் ஆத்திரம்தான் வந்தது. வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் கசிவு நின்றது. கை கறுப்பிலிருந்து பச்சையாகி, பச்சையிலிருந்து மஞ்சளாகி, பதினோராம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு இன்னும் தோளிலேயே இருக்கிறது. அந்த இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை, சுவரில் விரலால் ஏறுவதும் தடியைப் பிடித்துச் சுழற்றுவதுமாக, ஒரு நாளும் விடாமல் செய்கிறான். தை மாதத்துக்குப் பிறகு வலை வீசத் தொடங்கினான். முன்பு போல முழு வட்டமாக விரிவதில்லை என்கிறான். ஆனால் வீசுகிறான்.

இப்போது கிளினிக் நாளில் நானும் கூடப் போகிறேன், ஆனால் உள்ளே போவதில்லை. அவன்தான் போக வேண்டாம் என்றான். வெளியே காத்திருப்பவர்கள் உட்காரும் நீள வாங்கில் இருப்பேன். கதவு பாதி திறந்திருக்கும். வைத்தியர் ஏதோ கேட்பது கேட்கும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வராது. அவன் யோசிக்கிறான் என்று தெரியும். பதில் எனக்கு வாய் நுனிவரை வந்துவிடும், கையால் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். பிறகு அவனுடைய குரல் வரும், மெதுவாக, தனக்கு எங்கே நோகிறது என்று.

அந்த நிலையத்தின் மேல் எனக்குள்ள கோபம் ஒரு நாள் ஆறினாலும் ஆறும். ஆனால் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவன் வாய் திறந்தபோதெல்லாம் அதை அடைத்தது, அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று சொல்லித் திரிந்த நான்தான், என்மேல் உள்ள அந்தக் கோபம் மட்டும் இனி ஆறப் போவதில்லை.